பழைய ஆட்டத்துக்கு ஒரு திருப்பணி வேணுமா? வேணும்னுதான் நான் சொல்வேன்



வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்க வர்றவங்களுக்கான நேரம், பாத்திரக் கணக்கு எல்லாம் முந்தின பதிவிலேயே போட்டாச்சு. இது அறிவிப்பு இல்லை, என் சொந்தக் கருத்து. கொஞ்சம் நீளமா இருக்கும். ஒரு தே தாரிக் வாங்கி வெச்சுக்கிட்டு படிங்க.

போன வாரம் பாத்திரம் கழுவி முடிச்ச பிறகு, மண்டபத்துக்குப் பின்னால நம்ம இளைஞர் பிரிவுத் தம்பிங்க நாலஞ்சு பேர் உட்கார்ந்து சத்தமா வாதாடிக்கிட்டு இருந்தாங்க. வசூல் கணக்குல ஏதோ பிரச்னைன்னு நினைச்சு கிட்டப் போனேன். பார்த்தா விஷயம் 'டிராகன் பால்'. 2007-இல் வந்த 'டிராகன் பால் இசட்: புடோகாய் தென்காய்ச்சி 3' என்ற பழைய சண்டை ஆட்டத்தைப் புதுப்பிச்சு மறுபடியும் விற்பனைக்கு விடணுமா, வேண்டாமா? இதுக்குத்தான் அவ்வளவு சத்தம்.

ஒரு தம்பி என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்களே சொல்லுங்க. புதுசு வந்தாச்சு. இன்னும் அந்தப் பழசு எதுக்கு?"ன்னு கேட்டான். வயசு பத்தொன்பது. அந்த ஆட்டம் வந்தப்போ அவன் நடக்கப் பழகிக்கிட்டு இருந்திருப்பான். நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரலை. அவனுக்கு நான் சொல்லாமல் வந்த பதில்தான் இந்தப் பதிவு.

டிராகன் பால்னா என்னன்னே தெரியாத அம்மாக்கள், ஐயாக்களுக்கு ரெண்டு வரி. அகிரா தோரியாமா என்ற ஜப்பானிய ஓவியர் 1984-இல் ஒரு வார இதழில் தொடங்கி 1995 வரை வரைந்த சித்திரக்கதை அது. நம்ம நாட்டில் மலாய் மொழியில் 'முத்தியாரா நாகா' என்ற பேரில் புத்தகமா வந்தது. உங்க பிள்ளைங்க பள்ளிக்கூடப் பையில ஒளிச்சு வெச்சுப் படிச்சது அதுதான். அதே கதை கார்ட்டூனா தொலைக்காட்சியில் வந்தது. அதை வெச்சு எத்தனையோ வீடியோ ஆட்டங்கள் வந்தன. தோரியாமா 2024 மார்ச் 1-ஆம் தேதி தன்னுடைய 68-ஆம் வயதில் காலமானார்.

அந்த ஆட்டங்களில் ஒரு வரிசையை ஜப்பானின் 'ஸ்பைக்' நிறுவனம் செய்தது. ஜப்பானில் அதுக்குப் பேர் 'ஸ்பார்க்கிங்'. 2005-இல் முதல் பாகம், 2006-இல் இரண்டாவது, 2007-இல் மூன்றாவது. மூன்றாவது பாகம் பிளேஸ்டேஷன் 2-லும் நின்டெண்டோ வீயிலும் வந்தது. உருமாற்றங்களையும் சேர்த்து அதில் 161 பாத்திரங்கள். மத்த சண்டை ஆட்டங்களில் இரண்டு பேரைப் பக்கவாட்டில் நிற்க வைத்து மோத விடுவாங்க. இதில் நம்ம ஆள் முதுகுக்குப் பின்னால கேமரா நிற்கும். வானத்தில் பறக்கலாம், தண்ணிக்குள்ள பாயலாம், எதிரியை மலை மேல தூக்கி எறிஞ்சா மலையே உடையும். கார்ட்டூனில் பார்த்த சண்டையை அப்படியே கையில் கொடுத்தது மாதிரி இருக்கும்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியம். இரண்டு பேர் ஆடும்போது தொலைக்காட்சித் திரை நடுவில் பிரிஞ்சுக்கும். பாதி எனக்கு, பாதி உனக்கு. எந்த மைதானத்தை எடுத்தாலும் அப்படி ஆடலாம். இணையம் வேண்டாம். இன்னொரு மெஷின் வேண்டாம். பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருந்தால் போதும்.

எங்க வீட்டில் அந்த ஆள் என் தம்பி.

2008. தாமான் வீட்டு முன்னறை. யாரோ வித்த பழைய பிளேஸ்டேஷன் 2. ரெண்டு கண்ட்ரோலர், அதில் ஒண்ணுக்கு இடது பட்டன் அழுத்தினால் திரும்பி வராது. அதை யார் எடுக்கிறதுன்னு தினமும் சண்டை. தம்பி நிலா தெரியிற இரவு மைதானமா பார்த்து எடுத்து, வெஜிட்டாவைப் பெரிய குரங்கா மாத்தி என்னை மிதிப்பான். நான் பிக்கொலோ. அம்மா சமையல் கட்டிலிருந்து "அடுத்த ஆட்டத்தோட அடைங்கடா"ன்னு கத்துவாங்க. அந்த அடுத்த ஆட்டம் முடிய மணி பதினொண்ணு ஆகும்.

அப்பாவுக்கு வேலை போன வருஷம் அது. வீட்டில் யாரும் யாரோடும் சரியா பேச மாட்டாங்க. ஒரு நாள் ராத்திரி ஆட்டத்துக்கு நடுவில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தம்பி சொன்னான்: "அண்ணே, நான் படிக்கப் போகலை. சிங்கப்பூர்ல வேலை கிடைச்சிருக்கு." நான் ஆட்டத்தை நிறுத்தினேன். "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" "இல்லை. நீ சொல்லேன்." கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவனே பட்டனை அழுத்தி ஆட்டத்தைத் தொடங்கினான்.

முகத்தைப் பார்த்து அவனால் அதைச் சொல்லியிருக்க முடியாது. என்னாலும் கேட்டிருக்க முடியாது. ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு, கைக்கு ஏதோ வேலை இருந்ததால்தான் அந்தப் பேச்சு வந்தது. இதே கோயிலில் காய் நறுக்கும்போது எத்தனை பேர் எத்தனை மனக்கஷ்டத்தைப் பேசித் தீர்த்திருக்கீங்க. அதே கதைதான்.

இப்போ அவன் ஜொகூர் பாருவில் குடும்பத்தோட இருக்கான். போன தீபாவளிக்கு வந்தப்போ பெட்டியைத் திறந்து அந்தப் பழைய மெஷினை எடுத்தோம். என் மகளுக்கு ஒன்பது வயசு, அவன் மகனுக்குப் பதினொண்ணு. ரெண்டும் தரையில் உட்கார்ந்துடுச்சு. மெஷின் ஓடுச்சு. டிஸ்க் ஓடலை. நாங்க ரெண்டு பேரும் கீறின கீறல்தான், வேற யாரையும் குறை சொல்ல முடியாது. சட்டைத் துணியில் துடைச்சோம், பற்பசை தடவிப் பார்த்தோம். ம்ஹூம். பையன் கேட்டான்: "பெரியப்பா, இதைக் கடையில புதுசா வாங்க முடியாதா?"

முடியாது. நான் 'வேணும்'னு சொல்றதுக்கு முதல் காரணமே இதுதான்.

வந்து பதினெட்டு வருஷத்துக்கு மேல ஆகுது. அந்த இரண்டு பழைய மெஷின்களை விட்டால் வேற எதுக்கும் அந்த ஆட்டம் வரவே இல்லை. இன்னைக்குக் கடையில் விற்கிற பிளேஸ்டேஷன் 5 அந்தக் காலத்து டிஸ்கைப் படிக்காது. ஒரு நல்ல பழைய புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் நூலகத்துக்குப் போகலாம். ஆட்டத்துக்கு அப்படி ஒரு இடம் நமக்கு இல்லை. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன்னால் அந்த நாட்டில் வந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று அதில் சொன்னாங்க. பத்தில் எட்டுக்கும் மேல! நம்ம பிள்ளைங்க தலைமுறைக்குப் பாட்டு, படம் மாதிரி இதுவும் ஒரு நினைவுதான். அதை இப்படித் தொலைய விடலாமா?

உடனே ஒரு தம்பி சொல்வான், "எமுலேட்டர் இருக்கே அண்ணே, கணினியிலேயே ஆடலாமே"ன்னு. தெரியும்பா. லத்தீன் அமெரிக்க ரசிகர்கள் அந்த ஆட்டத்தையே பிரிச்சு, புதுப் பாத்திரம், சொந்த மொழிக் குரல் எல்லாம் சேர்த்து இன்னைக்கும் ஓட்டிக்கிட்டு இருக்காங்க. அவங்க பாசத்துக்கு ஒரு கும்பிடு. ஆனா ஆட்டத்தைப் பிரதி எடுக்கணும், கணினியில் அமைக்கணும், எங்கே இறக்கிறோம், அதில் வைரஸ் இருக்கான்னு பார்க்கணும். பதினொரு வயசுப் பையனுக்கோ, அவனோட அம்மாவுக்கோ இது வேலையா? கடைக்குப் போய் காசு கொடுத்து நேர்மையா வாங்குற வழி ஒண்ணு வேணும்.

நேர்மைன்னு சொன்னதும் ஒரு உண்மையையும் ஒத்துக்கணும். எங்க டிஸ்க் பசார் மாலாமில் அஞ்சு வெள்ளிக்கு வாங்கின நகல். எங்க தாமானில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அசல் விலையைக் கேட்டால் அப்பா மயக்கம் போட்டிருப்பார். அத்தனை மாசம் அத்தனை சந்தோஷத்தை அனுபவிச்சோம், அதைச் செய்தவங்களுக்கு ஒரு காசு போகலை. இப்போ எனக்கு வேலை இருக்கு, சம்பளம் இருக்கு. அந்தக் கடனை அடைக்கணும்னு ஆசை. அடைக்கிறதுக்கு அவங்க கடை திறக்கணுமே!

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வர்றேன். புதுசு வந்தாச்சே?

வந்திருக்கு. நல்லாவே வந்திருக்கு. 'டிராகன் பால்: ஸ்பார்க்கிங் ஜீரோ' 2024 அக்டோபரில் வந்தது. அதே வரிசையின் அடுத்த பாகம். ஸ்பைக் 2012-இல் சுன்சாஃப்ட் என்ற நிறுவனத்தோட இணைஞ்சு ஸ்பைக் சுன்சாஃப்ட் ஆனது. அவங்களேதான் இதையும் செய்தாங்க. வந்த நாளிலேயே 182 பாத்திரங்கள். முதல் 24 மணி நேரத்தில் 30 லட்சம் பிரதிகள் போனதா அறிவிச்சாங்க. படம் பிடிச்ச மாதிரி அழகு. குறை சொல்ல மனசு வராது.

ஆனா வந்த நாளில், ஒரே வீட்டில் ரெண்டு பேர் திரையைப் பிரிச்சு ஆடுவதற்கு ஒரே ஒரு மைதானம்தான் கொடுத்திருந்தாங்க. கதையில் வரும் அந்த வெள்ளை வெளேர்னு ஒண்ணுமே இல்லாத அறை. அதுக்கும் காரணம் உண்டு. திரையைப் பிரிச்சா ஒரே காட்சியை மெஷின் ரெண்டு தடவை வரையணும், ரெண்டு கேமராவுக்கு. மலை, மரம், உடையிற கட்டடம், பறக்கிற தூசி எல்லாம் ரெண்டு மடங்கு வேலை. அதனால் வெத்து அறையைத் தேர்ந்தெடுத்தாங்க. தொழில்நுட்பமா பார்த்தா நியாயமான முடிவு. நம்ம கணக்கில் பார்த்தா, ஆட்டம் வளர வளரப் பக்கத்தில் உட்கார்ற ஆளுக்கு இடம் சுருங்கிப்போச்சு. தூரத்தில் இருக்கிற முகம் தெரியாத ஆளோட இணையத்தில் மோத எத்தனையோ மைதானம். பக்கத்தில் இருக்கிற தம்பிக்கு ஒரு வெள்ளை அறை.

பழைய ஆட்டத்தின் பலமே இங்கேதான் இருக்கு. 2007-இல் வரைஞ்ச மலையும் மரமும் இன்றைய மெஷினுக்குத் தூசு மாதிரி. ரெண்டு தடவை வரையிறது அதுக்கு ஒரு வேலையே இல்லை. எல்லா மைதானத்தையும், பெரிய திரையில், தெளிவா, ரெண்டு பேருக்கும் கொடுக்கலாம். புது ஆட்டம் பாரத்தால் செய்ய முடியாததைப் பழைய ஆட்டம் லேசா செய்யும். அதனால் புதுசு வந்ததால் பழசு தேவையில்லைங்கிறது சரியில்லை தம்பி. ரெண்டும் வேற வேற வேலை செய்யுது.

இப்போ 'ரீமாஸ்டர்'னா என்னன்னு ஒரு வார்த்தை, ஏன்னா அங்கே தம்பிங்களே குழம்பிக்கிட்டு இருந்தாங்க. ரீமேக் வேற, ரீமாஸ்டர் வேற. ரீமேக்னா கதையை வெச்சுக்கிட்டு வேற ஆளைப் போட்டு மறுபடி எடுக்கிறது. ரீமாஸ்டர்னா எடுத்த படத்தையே சுத்தம் பண்ணிக் கொடுக்கிறது. 1964-இல் வந்த 'கர்ணன்' படத்தை 2012-இல் டிஜிட்டலில் சுத்தம் பண்ணித் தியேட்டரில் விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? சிவாஜி அதே சிவாஜிதான். கோடு, புள்ளி, இரைச்சல் மட்டும் போச்சு. நூறு நாள் ஓடுச்சு. யாரும் "புதுப் படம்தான் இவ்வளவு வருதே, இது எதுக்கு"ன்னு கேட்கலை.

நம்ம கோயில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் நடந்ததையும் சொல்லணும். வர்ணம் பூச வந்தவர் கோபுரத்துப் பழைய சுதைச் சிற்பங்களின் முகத்தைப் 'புதுசா, பளிச்சுன்னு' மாத்தித் தரேன்னார். பெரியவர் ஒருத்தர் ஏணிக்குக் கீழே நின்னுக்கிட்டு, "விரிசலை அடை, பாசியைச் சுரண்டு, வர்ணம் பூசு. முகத்தில் கை வைக்காதே"ன்னு ஒரே பிடியா நின்னார். ஆட்டத்தைப் புதுப்பிக்கிறவங்களுக்கும் நான் அதையேதான் சொல்வேன்.

ஏன்னா முகத்தில் கை வெச்ச கதையும் நடந்திருக்கு. இதே டிராகன் பாலில் இன்னொரு வரிசை 'புடோகாய்'. டிம்ப்ஸ் நிறுவனம் செய்தது. 2012-இல் அதை 'எச்டி கலெக்‌ஷன்'னு புதுப்பிச்சு வெளியிட்டாங்க. மூணு பாகம் இருந்த வரிசையில் முதலாவதையும் மூணாவதையும் போட்டுட்டு, ரெண்டாவதை விட்டுட்டாங்க. பழைய இசையும் மாறிப்போச்சு. அந்த இசையமைப்பாளர் மேல் அதுக்கு முந்தின வருஷம் நகல் புகார் எழுந்திருந்தது. நியாயமான காரணமாகவே இருக்கட்டும். ஆனா வருஷக்கணக்கா அந்த இசையோட ஆடின காதுக்கு அது வேற வீடு மாதிரி இருந்தது.

இன்னொரு பாடம்: 'ஜோஜோ' கதையை வெச்சு கேப்காம் செய்த பழைய சண்டை ஆட்டம். 2012-இல் எச்டியில் இணையக் கடையில் மட்டும் வந்தது, 2014-இல் கடையிலிருந்து எடுத்துட்டாங்க. ரெண்டே வருஷம்! டிஸ்கே இல்லாத ஆட்டம் கடையிலிருந்து போனால் புதுசா வர்றவனுக்கு அது இல்லவே இல்லைதான்.

நல்ல உதாரணமும் இருக்கு. நருட்டோவின் 'அல்டிமேட் நிஞ்சா ஸ்டார்ம்' மூணு பாகத்தையும் ஒண்ணா சேர்த்து 2017-இல் புது மெஷின்களுக்குக் கொடுத்தாங்க. முதல் பாகம் 2008-இல் வந்தது. இன்னைக்கு ஒரு பையன் அதை முதலிலிருந்து வரிசையா ஆட முடியுது. செய்ய முடியாத வேலை இல்லைன்னு இதிலேயே தெரியுது.

குரல் விஷயத்தையும் மறக்கக் கூடாது. கோகுவுக்கு ஜப்பானிய மொழியில் குரல் கொடுக்கிற மசாக்கோ நோசாவா அம்மா 1936-இல் பிறந்தவர். இன்னும் குரல் கொடுக்கிறார். ஆனா மிஸ்டர் சாத்தானுக்குக் குரல் கொடுத்த டைசுகே கோரி 2010-இல் போயிட்டார். கதைசொல்லியா வந்த ஜோஜி யானாமி 2021-இல் போயிட்டார். அந்தக் குரல்களை இனி யாராலும் மறுபடி பதிவு செய்ய முடியாது. அவங்க உயிரோட இருந்தப்போ வந்த ஆட்டங்கள், அவங்க குரல் இருக்கிற பெட்டிகள். பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தொலைச்சிடக் கூடாது.

சரி, பாசத்தில் கண்ணை மூடிக்கிட்டுப் பேசுறேனா? இல்லை. அந்த ஆட்டத்தில் குறை நிறைய. 161 பேர் என்றாலும் பாதிப் பேர் ஒரே மாதிரி அடிப்பாங்க. கதைப் பகுதியை ரெண்டாவது பாகத்தை விடச் சுருக்கிட்டாங்க. மூலையில் மாட்டினா கேமரா எங்கே பார்க்குதுன்னே தெரியாது. பலசாலிப் பாத்திரத்தை எடுத்தவன் ஜெயிப்பான், சமநிலை கிடையாது. எங்க வீட்டில் புரோலியை எடுக்கக் கூடாதுன்னு தனிச் சட்டமே போட்டிருந்தோம்.

இந்தக் குறையை எல்லாம் சரி பண்ணச் சொல்லி நான் கேட்கலை. அதைச் சரி பண்ண ஆரம்பிச்சா அது வேற ஆட்டம் ஆயிடும், அதுக்குத்தான் புதுசு இருக்கே. நான் கேட்கிறது கொஞ்சம்தான். படம் இன்றைய தொலைக்காட்சிக்குத் தெளிவா இருக்கணும். பழைய மெஷினைப் புதுத் தொலைக்காட்சியில் மாட்டினால் பட்டனை அழுத்திக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அடி விழுது, அந்தத் தாமதம் போகணும். மூணு பாகத்தையும் ஒரே பெட்டியில் கொடுக்கணும். பழைய குரலும் இசையும் முடிஞ்ச வரைக்கும் அப்படியே இருக்கணும். உரிமைச் சிக்கல் இருந்தா மறைக்காமல் முன்னாடியே சொல்லிடணும். இணையத்தில் மட்டும் விட்டு ரெண்டு வருஷத்தில் எடுத்துட்டுப் போகாமல், கையில் பிடிக்கிற டிஸ்காவும் தரணும். பழைய சாமானுக்குப் புது ஆட்டத்தின் முழு விலையைப் போடக் கூடாது. திரையை நடுவில் பிரிக்கிறதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கவே கூடாது.

"கோயில் பக்கத்தில் சண்டை ஆட்டத்தைப் பத்தி எழுதுறியே"ன்னு சில பெரியவங்க கேட்கலாம். கேளுங்க, தப்பில்லை. நான் பார்க்கிறதைச் சொல்றேன். நம்ம பிள்ளைங்க ஆடுறதை நாம நிறுத்தலை, நிறுத்தவும் முடியாது. ஒவ்வொருத்தனும் ஒரு மூலையில், காதில் மாட்டிக்கிட்டு, தனியா ஆடுறான். அவன் யாரோட பேசுறான்னு நமக்குத் தெரியாது. ஆடத்தான் போறான்னா, முன்னறையில், அண்ணன் தம்பி தங்கச்சியோட, அம்மா கத்துற சத்தம் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து ஆடட்டும். அதுக்கு இடம் கொடுக்கிற ஆட்டங்கள் குறைஞ்சுக்கிட்டே வருது. அதில் நல்லது ஒண்ணைக் காப்பாத்திக் கொடுங்கன்னுதான் கேட்கிறேன்.

ஆகவே தம்பி, அன்னைக்கு நீ கேட்டதுக்கு என் பதில்: வேணும். அது புதுசை விட நல்ல ஆட்டம்னு நான் சொல்லலை. அதை வாங்க இன்னைக்கு ஒரு நேர்வழி இல்லை, அது கொடுத்த பக்கத்து இருக்கையை வேற எதுவும் முழுசா கொடுக்கலை. இந்த ரெண்டும் போதும். நீ ஒத்துக்கலைன்னா கீழே எழுது, சண்டை போடலாம். மத்த அன்பர்களும் உங்க வீட்டில் யாரோட உட்கார்ந்து என்ன ஆடினீங்கன்னு எழுதுங்க. கேரமா இருந்தாலும் பல்லாங்குழியா இருந்தாலும் சரி.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் தம்பியும் வர்றான், குடும்பத்தோட. அவனைக் காய் நறுக்க உட்கார வெச்சிருக்கேன். பக்கத்தில் ஒரு பலகை காலியா இருக்கு. வாங்க.